பெயர் எழுதிய பையும் அதைச் சுமப்பவர்களும்



கப்பர்நாகும் ஊரில் முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் படுக்கையோடு சுமந்து வந்தார்கள். கூட்டம் வழிவிடவில்லை. எனவே வீட்டின் கூரையைப் பிரித்து அவரை இயேசுவின் முன் இறக்கினார்கள் (மாற்கு 2:1-12). இந்த நிகழ்வை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். அந்த நால்வரின் பெயர் நற்செய்தியில் இல்லை. நோயாளர் நலம் பெற்றதைப் பேசும் நாம், அவர் அங்கு வந்து சேர்ந்த பயணத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. இந்த வாரம் அப்படியொரு பயணத்தைப் பற்றிச் சிந்திக்க விரும்புகிறோம். இப்பயணத்தில் சுமக்கப்படுவது நோயாளர் அல்ல, அவர் உடலிலிருந்து எடுக்கப்பட்ட செல்கள். சுமப்பவர்களோடு கூடவே சில மின்னணுக் கருவிகளும் போகின்றன.

2012ஆம் ஆண்டு, அமெரிக்க ஐக்கிய நாட்டின் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் எமிலி ஒயிட்ஹெட் என்ற ஆறு வயதுச் சிறுமி இரத்தப் புற்றுநோயால் மரணத்தின் விளிம்பில் இருந்தாள். கீமோதெரபி பலன் தரவில்லை. அவளது இரத்தத்திலிருந்து டி-செல்கள் எனப்படும் நோய் எதிர்ப்பு அணுக்களை மருத்துவர்கள் பிரித்தெடுத்தார்கள். புற்றுநோய்ச் செல்களை இனங்கண்டு தாக்கும் வகையில் ஆய்வகத்தில் அவற்றின் மரபணுவை மாற்றிப் பெருக்கி, மீண்டும் அவள் உடலுக்குள்ளேயே செலுத்தினார்கள். கார்-டி செல் சிகிச்சை என்று இதைச் சொல்கிறார்கள். உலகில் இச்சிகிச்சையைப் பெற்ற முதல் குழந்தை எமிலி. அவள் பிழைத்துக்கொண்டாள். இன்று அவர் ஓர் இளம்பெண்.

அன்று எமிலியின் செல்கள் அதிகத் தூரம் பயணம் செய்யவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்வோம். அவற்றை மாற்றியமைத்த பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அந்த மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஐந்து ஆண்டுகளில் நிலைமை மாறியது. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் தேதி, நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் கிம்ரியா என்ற கார்-டி சிகிச்சைக்கு அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. அதே ஆண்டு அக்டோபரில் கைட் நிறுவனத்தின் யெஸ்கார்ட்டாவுக்கும் அனுமதி கிடைத்தது. ஒன்று நியூ ஜெர்சி மாநிலத்தில் தயாராகிறது. மற்றொன்றின் தொழிற்கூடம் கலிபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. அந்த இடத்தைத் தேர்ந்ததற்கான காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. நாட்டின் எந்த மூலையில் நோயாளர் படுத்திருந்தாலும் அவரது செல்கள் விமானம் ஏறிப் போய், மருந்தாகி, திரும்ப விமானம் ஏறி வரவேண்டும். 2020ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் அருகே அந்நிறுவனத்தின் தொழிற்கூடம் அனுமதி பெறும் வரை, ஐரோப்பிய நோயாளர்களின் செல்களும் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து கலிபோர்னியா வரை போய்த் திரும்பின.

மற்ற மருந்துகளுக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஒரு பெட்டி மாத்திரை வழியில் கெட்டுப்போனால் கிடங்கிலிருந்து வேறு பெட்டியை அனுப்பலாம். இங்கே கிடங்கு என்று ஒன்றும் இல்லை. அந்தப் பை ஒரே ஒருவருக்காக, அவருடைய சொந்த உடலிலிருந்து செய்யப்பட்டது. அது கெட்டுவிட்டால் மீண்டும் செல்களை எடுத்து, மீண்டும் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் நோய் என்ன செய்யும் என்பது யாருக்கும் தெரியாது. கிம்ரியாவின் அனுமதிக்கு அடிப்படையாக அமைந்த எலியானா ஆய்வில் குழந்தைகளும் இளையோருமாக 92 பேர் சேர்க்கப்பட்டார்கள் என்றும், அவர்களில் 75 பேருக்கே செல்கள் செலுத்தப்பட்டன என்றும் 2018ஆம் ஆண்டு வெளியான முடிவுகள் தெரிவித்தன. எஞ்சியோரில் சிலருக்குத் தயாரிப்பு சரியாக அமையவில்லை. சிலர் காத்திருந்த காலத்திலேயே இறந்துபோனார்கள். அறிவியல் கட்டுரையில் இது ஒரு வரியாக முடிந்துவிடுகிறது. அந்த ஒவ்வொரு குழந்தையின் படுக்கை அருகிலும் நாள்களை எண்ணிக்கொண்டிருந்த ஒரு தாயோ தந்தையோ இருந்திருப்பார்கள் அல்லவா?

அந்தப் பயணம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். தயாரான செல்களைச் சிறு பையில் உறையவைத்து, ட்ரை ஷிப்பர் எனப்படும் உலோகக் கலனில் வைக்கிறார்கள். கலனின் சுவருக்குள் இருக்கும் பஞ்சு போன்ற பொருள், திரவ நைட்ரஜனை உறிஞ்சிவைத்துக்கொள்கிறது. திரவ நைட்ரஜனின் கொதிநிலை மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். அதன் ஆவிதான் பையைக் குளிராக வைத்திருக்கிறது. கிம்ரியாவைப் பொருத்தவரை மைனஸ் 120 டிகிரிக்கு மேல் வெப்பம் ஏறக்கூடாது என்பது விதி. நன்றாக நிரப்பி நிமிர்த்தி வைத்த கலன் ஏறத்தாழ பத்து நாள் தாங்கும். அதையே விமான நிலையச் சரக்குக் கூடத்தில் யாராவது இடம் போதவில்லை என்று பக்கவாட்டில் சாய்த்து வைத்தால், நைட்ரஜன் வேகமாக ஆவியாகி, எதிர்பார்த்ததற்கு முன்பே தீர்ந்துவிடும்.

அப்படி நடந்தால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. வெப்பம் ஏறி, செல்கள் சேதமடைந்து, அதற்குப்பின் மீண்டும் குளிரூட்டப்பட்டாலும், பை முன்போலவே கெட்டியாக, உறைபனி படர்ந்து இருக்கும். உள்ளே உயிருள்ள செல்கள் எத்தனை மிஞ்சின என்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. இங்கேதான் இணையத்தோடு இணைந்த கருவிகள் உதவிக்கு வருகின்றன. கலனோடு பொருத்தப்படும் சிறு கருவி வெப்பநிலையை இடைவிடாமல் பதிவு செய்கிறது. கலன் சாய்ந்ததா, கீழே விழுந்து அதிர்ந்ததா, மூடி திறக்கப்பட்டு உள்ளே வெளிச்சம் பட்டதா, இப்போது எந்த ஊரில் இருக்கிறது என்பதையெல்லாம் கைப்பேசி வலையமைப்பு வழியாக ஒரு கண்காணிப்பு மையத்துக்கு அனுப்புகிறது. விமானம் ஏறியதும் தானாகவே தன் அலைபரப்பை நிறுத்திக்கொள்ளும் கருவிகளும் உண்டு. வானில் இருக்கும் நேரத்தில் அவை பதிவை மட்டும் சேமித்துவைத்து, தரையிறங்கியதும் மொத்தமாக அனுப்புகின்றன. ஆகவே, நொடிக்கு நொடி பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற விளம்பரத்தைச் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும். பல மணி நேரப் பயணத்தில் என்ன நடந்தது என்பது பல வேளைகளில் பயணம் முடிந்தபிறகே தெரியவருகிறது.

இருந்தாலும் இக்கருவிகளின் பயனைக் குறைத்து மதிப்பிட நாம் விரும்பவில்லை. கெட்டுப்போன செல்களை நல்லவை என்று நம்பி ஒரு நோயாளிக்குச் செலுத்துவதை அவை தடுக்கின்றன. பையை யார் எப்போது யாரிடம் ஒப்படைத்தார் என்ற பதிவும், அது இன்னாருடைய பை என்ற அடையாளமும், இரத்தம் எடுத்த நாள் முதல் செலுத்தும் நாள் வரை அறுபடாமல் தொடர்கின்றன. ஒருவரின் மாற்றியமைத்த செல்கள் தவறுதலாக வேறொருவருக்குப் போனால் விளைவு உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே பையில் நோயாளரின் பெயரும் பிறந்த தேதியும் எண்களும் இருக்கும். படுக்கை அருகே அதை அவரது கைப்பட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தபிறகுதான், 37 டிகிரி வெப்பத்தில் பையை உருக்குகிறார்கள். கிம்ரியா என்றால், உருகிய 30 நிமிடங்களுக்குள் அதைச் செலுத்திவிட வேண்டும். நல்ல ஆயன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதாக யோவான் நற்செய்தியில் (10:3) வாசிக்கிறோம். பெயர் மாறிப்போகாதிருக்க இத்தனை பேரும் இத்தனை கருவிகளும் சேர்ந்து பாடுபடுவது நமக்கு மகிழ்ச்சி அளிக்கிறது.

ஆனால் கருவிக்குக் கண் மட்டும்தான் உண்டு, கை கிடையாது. நள்ளிரவில் ஏதோ ஓர் ஊரின் சரக்குக் கூடத்தில் கலன் சாய்ந்துவிட்டது என்று அது எச்சரிக்கை அனுப்பலாம். அந்த எச்சரிக்கையைப் பார்த்துத் தொலைபேசியை எடுப்பவர் யார்? மறுமுனையில், கூடத்தில் வேலை செய்யும் தொழிலாளிக்கு அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? அவருடைய ஒப்பந்தக் கூலிக்கு அந்தப் பொறுப்பையும் சேர்த்தே ஏற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? கருவிகளைப் பற்றிய வணிகப் பேச்சில் இக்கேள்விகள் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. எச்சரிக்கை மணிகள் மிகுதியாகிவிட்டால் அவற்றைக் கேட்கும் காது மரத்துப்போகிறது என்பது தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பணியாற்றும் செவிலியர்களுக்கு நன்கு தெரிந்த செய்தி. நமது மருத்துவமனைகளில் பணிபுரியும் அருள்சகோதரிகளைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எலும்பு மஜ்ஜைக் கொடையில் நெடுங்காலமாக வேறொரு வழக்கம் இருந்துவருகிறது. கொடையாளரிடமிருந்து எடுத்த செல்களைக் குளிர்பெட்டியில் வைத்து, ஒருவர் தம் கையிலேயே விமானத்தில் எடுத்துச் செல்வார். எக்ஸ்ரே சோதனைக்குள் பெட்டியை விடமாட்டார். அதைத் தம் கண்பார்வையிலிருந்து விலக்கவும் மாட்டார். இப்பணியில் தன்னார்வலர்கள் பலர் ஈடுபடுகிறார்கள். 2020ஆம் ஆண்டு கோவிட்-19 கொள்ளைநோயால் நாடுகளின் எல்லைகள் மூடப்பட்டபோது இந்த முறை மிகவும் சிரமப்பட்டது. செல்களை முன்கூட்டியே வரவழைத்து உறையவைத்துக்கொள்ளும் வழிக்குப் பல மருத்துவமனைகள் மாறின. மனிதர் போக முடியாத இடத்துக்குக் கருவியோடு பெட்டி போகும் என்பது உண்மைதான். அந்தத் தன்னார்வலர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தூங்காமல் உட்கார்ந்திருந்ததற்கு ஈடாகக் கருவி எதைத் தருகிறது என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வியே.

இணைப்பு என்பது பலவீனமும்கூட. 2017ஆம் ஆண்டு ஜூன் மாதம் பரவிய நாட்பெட்யா என்ற கணினித் தாக்குதல், மெர்க் மருந்து நிறுவனத்தையும் டி.என்.டி. எக்ஸ்பிரஸ் என்ற கூரியர் நிறுவனத்தையும் ஒருசேர முடக்கியது. கோவிட் தடுப்பூசிகளின் குளிர்சாதனப் போக்குவரத்தில் ஈடுபட்டிருந்த நிறுவனங்களைக் குறிவைத்துப் போலி மின்னஞ்சல்கள் அனுப்பப்பட்டதாக 2020 டிசம்பரில் ஐ.பி.எம். நிறுவனம் எச்சரித்தது. 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் தேதி நடந்ததில் எதிரி என்று யாரும் இல்லை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளில் வந்த பிழையான ஒரு புதுப்பிப்பு, உலகெங்கும் விமான நிலையங்களையும் மருத்துவமனைகளையும் ஒரே நாளில் தடுமாற வைத்தது. செல்களின் பயணம் நம்பியிருப்பதும் இதே இரண்டு இடங்களைத்தான். திரை இருண்டுபோகும் நாளில் கலனில் நைட்ரஜன் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று எடை போட்டுப் பார்க்கத் தெரிந்த ஒருவரும், தாளில் எழுதிய ஒரு பதிவேடும் இருக்க வேண்டும். பழைய காலத்து ஏற்பாடு என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது.

இன்னுமொன்று. பையோடு போவது செல்கள் மட்டுமல்ல, ஒரு மனிதரைப் பற்றிய விவரங்களும்தான். அவரது நோய், வயது, மருத்துவமனை, சிகிச்சை நாள் ஆகியவை பல நிறுவனங்களின் கணினிகளைத் தொட்டுச் செல்கின்றன. இந்தியாவில் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, அதன் விதிகள் 2025ஆம் ஆண்டு வெளியிடப்பட்டன. ஆனால் கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டப்படும் படிவத்தில், மரணத்தோடு போராடும் ஒரு நோயாளி எதை வாசித்து எதை மறுக்க முடியும்?

இச்சிகிச்சையைத் திரு அவை ஏற்கிறதா என்று நம் வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். செல் என்ற சொல்லைக் கேட்டதுமே மனிதக் கருவை அழிக்கும் ஆய்வுகள் நினைவுக்கு வருவதால் எழும் கேள்வி இது. நோயாளிக்குப் பெரும் தீங்கு விளையாத முறையில் அவரது சொந்த உடலிலிருந்து எடுக்கப்படும் செல்களைப் பயன்படுத்துவதில் தவறில்லை என்பது, 2008ஆம் ஆண்டு விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட 'டிக்னித்தாஸ் பெர்சோனே' ஏட்டின் நிலைப்பாடு. மரபணுவைச் சுமந்துசெல்லும் வைரஸைத் தயாரிக்கப் பெரும்பாலும் பயன்படுத்தப்படும் செல் வரிசையின் தோற்றம் குறித்த அறநெறிக் கேள்வி வேறு. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இங்கே நம்மை அதிகம் உறுத்துவது விலை. கிம்ரியா 2017ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 4,75,000 டாலர். மருத்துவமனைச் செலவு இதில் சேராது. கலன், கருவி, கண்காணிப்பு மையம், விமானம் ஆகிய எல்லாமே இத்தகைய சிகிச்சையின் மொத்தச் செலவில் பங்கு பெறுகின்றன. 2016ஆம் ஆண்டு ஏப்ரலில் வத்திக்கானில் செல் சிகிச்சைகள் பற்றி நடைபெற்ற பன்னாட்டுக் கருத்தரங்கினரைச் சந்தித்த மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், மூன்று செய்திகளை முன்வைத்தார். மக்களின் மனங்களில் விழிப்புணர்வை உண்டாக்குவது, ஆய்வை வளர்ப்பது, எல்லாரும் சிகிச்சை பெற வழிசெய்வது என்பவை அவை. செயற்கை நுண்ணறிவு பற்றி 2025 ஜனவரியில் திருப்பீடம் வெளியிட்ட 'அந்திக்குவா எத் நோவா' ஏடும், தொழில்நுட்பம் பணம் படைத்தோருக்கான மருத்துவமாகச் சுருங்கிவிடும் ஆபத்தைச் சுட்டிக்காட்டியுள்ளது. ஞாயிறு திருப்பலியின் முடிவில், புற்றுநோய் சிகிச்சைக்காக உதவி கேட்கும் அறிவிப்பு வாசிக்கப்படாத பங்கு நம்மிடையே உண்டா? அந்த அறிவிப்பில் கேட்கப்படும் தொகையோடு இந்த டாலர் கணக்கை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கருவி என்றாலே பணக்காரருக்கானது என்று சொல்வதற்கில்லை. இந்தியாவில் ஈவின் என்ற திட்டம் 2015ஆம் ஆண்டு முதல் செயல்பட்டு வருகிறது. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் உள்ள தடுப்பூசிக் குளிர்பெட்டியில் ஒரு வெப்பநிலைக் கருவி இருக்கும். வெப்பம் எல்லை மீறினால் அங்குள்ள பணியாளரின் கைப்பேசிக்குச் செய்தி போகும். அவர் எழுந்து போய்ப் பெட்டியைப் பார்ப்பார். கோடி ரூபாய் செல்களைக் காக்கும் அதே நுட்பம், ஒரு கிராமத்துக் குழந்தைக்கான தட்டம்மைத் தடுப்பூசியையும் காக்கிறது. கருவியின் செய்தி, பெட்டிக்குப் பத்தடி தூரத்தில் உள்ள ஒரு மனிதரிடம் நேராகப் போய்ச் சேர்வதுதான் இத்திட்டத்தில் நமக்குப் பிடித்த அம்சம்.

இந்தியாவின் முதல் கார்-டி சிகிச்சையான நெக்ஸ்கார்-19, மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மருத்துவமனையும் இணைந்து செய்த ஆய்வில் பிறந்தது. 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற அதனை 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் தேதி குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதன் செலவு ஏறத்தாழ 30 முதல் 40 லட்சம் ரூபாய் வரை என்று அப்போது கூறப்பட்டது. அமெரிக்க விலையில் இது பத்தில் ஒரு பங்கு. ஆனால் நம் குடும்பங்களுக்கு இதுவும் எட்டாத உயரம்தான். இங்கும் மற்ற ஊர்களில் எடுக்கப்படும் செல்கள் தொழிற்கூடத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வேறு வழியை முயன்று பார்த்திருக்கிறது. 1900ஆம் ஆண்டு ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை அது. பிற கிறிஸ்தவ சபையினரின் அப்பணியை நாம் நன்றியோடு நினைக்கிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு அங்கு நடந்த சோதனையில், நோயாளரின் செல்கள் மருத்துவமனைக்குள்ளேயே தானியங்கி இயந்திரத்தில் ஏறத்தாழ 9 நாள்களில் மருந்தாகத் தயாரிக்கப்பட்டன. முடிவுகள் 2025ஆம் ஆண்டு வெளியாயின. இவ்வாறு மருத்துவமனையிலேயே தயாரிக்கும்போது செல்கள் விமானம் ஏறுவதில்லை, சுங்கச் சோதனையில் காத்துக்கிடப்பதில்லை. உறையவைக்காமலே செலுத்தவும் வழி பிறக்கிறது. உணரிகள் அங்கும் வேண்டும். இயந்திரத்தின் வெப்பநிலையையும் வாயு அளவையும் அவைதான் பார்த்துக்கொள்கின்றன. ஆனால் அவற்றின் எச்சரிக்கை ஒலிக்கும் இடத்துக்கும் நோயாளி படுத்திருக்கும் அறைக்கும் நடந்தே போய்விடலாம். எமிலிக்கு 2012ஆம் ஆண்டு கிடைத்ததும் இந்த அருகாமைதான். நீண்ட சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் கண்காணிக்கப் பணம் செலவிடுவதா, சங்கிலியையே குட்டையாக்குவதா என்று நம் அரசுகள் முடிவெடுக்க வேண்டிய நேரம் இது. முடிந்த இடங்களில் எல்லாம் குட்டையாக்குவதே மேல் என்பது நமது எண்ணம். எல்லா மருத்துவமனையாலும் அது முடியாது. தரக்கட்டுப்பாடும் பயிற்சி பெற்ற ஆள்களும் இல்லாத இடத்தில் செல்களைத் தயாரிப்பது ஆபத்தில் முடியும். மாநிலத்துக்கு ஒன்றிரண்டு மையங்கள் என்றாலும்கூட, பயணம் விமானத்திலிருந்து ஆம்புலன்சுக்கு இறங்கிவிடும்.

பை வந்து சேர்ந்தபிறகும் ஒரு பயணம் மிச்சமிருக்கிறது. செல்கள் செலுத்தப்பட்டபின் கடும் காய்ச்சலும், இரத்த அழுத்தச் சரிவும், மூளை சார்ந்த குழப்பமும் வரக்கூடும். அதனால் நோயாளர் சில வாரங்கள் மருத்துவமனைக்கு அருகிலேயே தங்க வேண்டும். அமெரிக்காவில் நான்கு வாரமாக இருந்த இந்தக் காலத்தை 2025 ஜூனில் இரண்டு வாரமாகக் குறைத்தார்கள். இரண்டு வாரம் என்றாலும், திண்டுக்கல்லிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ வந்த ஒரு கூலித் தொழிலாளி பெருநகரில் எங்கே தங்குவார்? அவருக்குச் சோறு பொங்கிக் கொடுக்கும் மனைவி எங்கே படுப்பார்? நள்ளிரவில் காய்ச்சல் ஏறினால் ஆட்டோவுக்கு யாரைக் கூப்பிடுவார்? கலன் எங்கே இருக்கிறது, எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று எந்த நேரமும் சொல்ல ஏற்பாடு இருக்கிறது. இவர்களைப் பற்றிச் சொல்ல யாரும் இல்லை.

பெரிய மருத்துவமனைகள் உள்ள நகரங்களில் நமக்குப் பங்கு இல்லங்களும் துறவற இல்லங்களும் உள்ளன. பிள்ளைகள் குறைந்து காலியாகிக் கிடக்கும் விடுதிக் கட்டடங்களும் உண்டு. புற்றுநோயாளர் குடும்பங்களுக்குத் தங்குமிடம் தந்துவரும் துறவு சபைகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஓர் அறை, ஓர் அடுப்பு, காய்ச்சல் பார்க்க ஒரு வெப்பமானி, இரவில் கூப்பிட்டால் எடுக்கும் ஒரு தொலைபேசி எண் இருந்தால் போதும். அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் இதைப் பேசுவதற்கு நாம் மேலிடத்து அனுமதி எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை.